அறையை விட்டுப் போகாத புகை

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அறிவியலில் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, பொதுமக்களுக்கும் விளங்கும்படி தமிழில் பேசவேண்டும் என்பது இந்த அறக்கட்டளையின் ஏற்பாடு. நான் காற்றை அளக்கும் வேதியியலாளன். ஆகவே, மூடிய அறைக்குள் ஒருவர் சிகரெட் பிடித்தால், பிடிக்காத மற்றவர்களின் மூச்சில் என்ன சேர்கிறது, அதை எப்படி அளக்கிறோம் என்பதையே இன்றைய பொருளாகக் கொண்டேன். இந்தப் பொருளுக்குள் என்னைக் கொண்டுவந்தவர் என் சித்தி. அவரிடமிருந்தே தொடங்குகிறேன்.

சித்தப்பா இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு முன்கூடத்தில் நாற்காலியைப் போட்டு ஒரு சிகரெட் பற்றவைப்பார். அதே கூடத்தில்தான் சித்தியும் பிள்ளைகளும் பாய் விரித்துப் படுப்பார்கள். சித்தி பல வருடமாக ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார்: “ராத்திரி பன்னெண்டு மணிக்கும் அந்த நெடி இருக்குங்க. தலகாணியில வருது. சின்னவனுக்கு இருமல் அதுனாலதான்.” சித்தப்பா கெட்டவர் அல்லர். ஜன்னலைத் திறந்துவிடுவார், விசிறியைச் சுழலவிடுவார், மேலே கையைக் காட்டுவார். “எங்க இருக்கு புகை? எல்லாம் போயிடுச்சு பாரு. உனக்கு மனப்பிரமை.” பார்த்தால் ஒன்றும் தெரியாதுதான். சித்தி பேச்சை நிறுத்திக்கொள்வார்.

நான் ஆய்வு மாணவனாக இருந்தபோது ஒரு பொங்கல் விடுமுறைக்கு, துறையில் இருந்த துகள் அளவிக் கருவியை அனுமதி பெற்று ஊருக்கு எடுத்துச் சென்றேன். சித்தியிடம் அன்று கொசுவர்த்தி ஏற்றவேண்டாம், ஊதுபத்தியும் வேண்டாம் என்றேன். அடுப்பை அணைத்து நெடுநேரம் ஆன பிறகு அளக்கத் தொடங்கினேன். சித்தப்பா வழக்கம்போல் ஒன்று பிடித்தார், அணைத்தார், கடைத்தெருவுக்குப் போய்விட்டார். ஒரு மணி நேரம் கழித்தும் கருவியின் எண் அவர் பற்றவைப்பதற்கு முன் இருந்த இடத்துக்கு இறங்கவில்லை. பிள்ளைகள் தூங்கிப் பல நாழிகை ஆகியும் அது மெல்ல மெல்லத்தான் இறங்கியது. சித்தி பக்கத்தில் உட்கார்ந்து அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: “அப்ப நான் சொன்னது நெசம்தானே?”

அளவை என்பது எதற்காக என்று எனக்குப் புரிந்தது அந்தக் கேள்வியில்தான். புகை கண்ணை விட்டுப் போகிறது, அறையை விட்டுப் போவதில்லை. கண்ணால் காட்ட முடியாத ஒன்றைப் பற்றி முறையிடுகிறவருக்கு எண் ஒரு சாட்சி. இந்தத் துறை நாற்பது ஆண்டுகளாகச் சேர்த்துவைத்திருக்கும் சாட்சியத்தை ஒவ்வொரு கேள்வியாக உங்கள் முன் வைக்கிறேன்.

எவ்வளவு கிளம்புகிறது?

எரியும் சிகரெட்டிலிருந்து இரண்டு வழியாகப் புகை வருகிறது. பிடிப்பவர் உறிஞ்சும்போது உள்ளே போவது இழுபுகை. உறிஞ்சாத நேரத்தில் கனலும் நுனியிலிருந்து தானே எழுவது பக்கப்புகை. அறையில் இருப்பவருக்குக் கிடைப்பது பக்கப்புகையும், பிடித்தவர் இழுத்து வெளியே விட்ட புகையும் கலந்த கலவை. அதில் பெரும்பங்கு, ஏறத்தாழ 85 விழுக்காடு, பக்கப்புகை.

ஆய்வுக்கூடத்தில் சிகரெட் பிடிப்பதற்கு ஓர் இயந்திரம் உண்டு. பன்னாட்டுத் தர முறைப்படி அது நிமிடத்துக்கு ஒரு தடவை, ஒவ்வொரு தடவையும் 2 நொடி, 35 மில்லிலிட்டர் புகையை இழுக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சிகரெட்டில் 10 இழுப்பு என்றால் மொத்தம் 20 நொடிதான். மீதி ஒன்பது நிமிடத்துக்கும் மேல் அந்தக் கங்கு அறைக்காகவே எரிகிறது. பஞ்சு வடிகட்டி இருக்கிறதே என்பார்கள். அது பிடிப்பவரின் உதட்டோரத்தில் இருக்கிறது. எரியும் முனைக்கு எந்த வடிகட்டியும் இல்லை. பெட்டியின் மேல் ‘மென்மை’ என்று எதை எழுதினாலும், எரியும் புகையிலையின் எடைதான் பக்கப்புகையைத் தீர்மானிக்கிறது.

பக்கப்புகையைத் தனியே பிடிப்பதற்கு, எரியும் சிகரெட்டின் மேல் மீன்வால் வடிவிலான கண்ணாடிப் புகைபோக்கியைக் கவிழ்ப்பார்கள். எழும் புகை கண்ணாடி இழை வடிகட்டி வழியே இழுக்கப்படும். துகள்கள் வடிகட்டியில் தங்கும். வாயுக்கள் அடுத்தடுத்த குழாய்களில் சிக்கும். இப்படிப் பிரித்துப் பார்த்தபோது ஒரு விந்தை தெரிந்தது. ஒரே சிகரெட்தான், ஆனால் இரண்டு புகையும் ஒன்றல்ல. உறிஞ்சும்போது காற்று பாய்வதால் கங்கின் வெப்பம் 900 டிகிரி செல்சியஸ் வரை ஏறுகிறது. சும்மா கனலும்போது 600 டிகிரி அளவில்தான் இருக்கிறது, ஆக்சிஜனும் குறைவு. அடுப்பில் ஈர விறகு எரிவதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். தீ அரைகுறையானால் புகை கடுமையாகும். பக்கப்புகையில் அம்மோனியா இழுபுகையைவிடப் பல பத்து மடங்கு. சிறுநீர்ப்பையில் புற்றுநோய் உண்டாக்கும் 4-அமினோபைபினைல் ஏறத்தாழ 30 மடங்கு. நைட்ரோசமைன் வகை நஞ்சுகளும் பல மடங்கு கூடுதல். இவை அறைக் காற்றில் கலந்து நீர்த்துப்போகின்றன என்பது உண்மை. ஆனால் கிளம்பும் இடத்தில் பக்கப்புகை இழுபுகையைவிடக் கொடியது.

இது வெளியுலகுக்குத் தெரிவதற்கு முன்பே ஒரு சிகரெட் நிறுவனத்துக்குத் தெரிந்திருந்தது. பிலிப் மோரிஸ் நிறுவனம் ஜெர்மனியின் கொலோன் நகரில் வைத்திருந்த ஆய்வுக்கூடத்தில் 1980களில் எலிகளைக் கொண்டு இதைச் சோதித்தது. வழக்குகளின் வழியே வெளிவந்த அந்நிறுவன ஆவணங்களை சூசேன் ஷிக், ஸ்டான்டன் கிளான்ட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் படித்து 2005இல் வெளியிட்டார்கள். மூச்சில் இழுக்கப்படும் புதிய பக்கப்புகை, அதே எடை இழுபுகையைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு நச்சுத்தன்மை உடையது என்று அந்தச் சோதனைகள் காட்டியிருந்தன. எண் கையில் இருந்தது, ஊருக்குச் சொல்லப்படவில்லை. அளவை ஒரு சாட்சி என்றேன். சாட்சியை மறைத்துவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இது போதும்.

எவ்வளவு நிற்கிறது?

இனி, கிளம்பியது அறையில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்ப்போம். இதற்குப் பள்ளிக் கணக்கு போதும்.

12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம் உள்ள அறையை எடுத்துக்கொள்ளுங்கள். நம் வீடுகளின் சராசரிப் படுக்கையறை. அதன் கொள்ளளவு சுமார் 34 கன மீட்டர். ஒரு சிகரெட் அறைக்குள் விடும் நுண்துகளின் எடை 10 மில்லிகிராம் அளவில் இருக்கும். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டரைப் பங்குக்கும் சிறியதாக இருந்து, நுரையீரலின் கடைசிக் காற்றுப்பைகள் வரை போகும் துகள்கள் இவை. 10 மில்லிகிராம் என்றால் 10,000 மைக்ரோகிராம். அதை 34ஆல் வகுத்தால் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 300 மைக்ரோகிராம். வெளிக்காற்றுக்கு நம் நாடு வகுத்த 24 மணி நேர வரம்பு 60. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த வழிகாட்டு அளவு 15.

ஒருநாள் சராசரிக்கான வரம்பை ஒரு கணத்தின் அளவோடு ஒப்பிடலாமா என்று மாணவர்கள் கேட்கவேண்டும், கேட்பதே நியாயம். ஆகவே நேரத்தையும் கணக்கில் சேர்ப்போம். கதவு, ஜன்னல் மூடிய அறையில், மணிக்கு ஒரு முறை அறையின் கொள்ளளவுக்குச் சமமான வெளிக்காற்று வந்துபோகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் முழுப் புகையும் போய்விடும் என்றுதான் நினைக்கத் தோன்றும். அப்படி நடப்பதில்லை. வரும் காற்று இருக்கும் புகையோடு கலந்துதான் வெளியேறுகிறது. பானையில் இருக்கும் மோரில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே வழியவிட்டால், ஒரு பானைத் தண்ணீர் ஊற்றிய பிறகும் மோர் மிச்சம் இருக்குமல்லவா? அதுபோலத்தான். முதல் மணி முடிவில் 37 விழுக்காடு மிச்சம், அதாவது 100க்கும் மேலே. இரண்டாம் மணி முடிவில் 40. மூன்று மணி நேரம் ஆனபிறகே 15ஐத் தொடுகிறது. ஒன்பது மணிக்குப் பிடித்த சிகரெட் நள்ளிரவு வரை அறையில் இருக்கிறது. சித்தி சொன்னதும் பன்னிரண்டு மணிதான்.

அந்த ஒரு சிகரெட் அறையின் 24 மணி நேரச் சராசரியை 12 மைக்ரோகிராம் உயர்த்தும். நாளுக்கு 10 சிகரெட் என்றால் 120. நம் தேசிய வரம்பின் இரண்டு மடங்கு.

“ஜன்னலைத் திறந்தால் போதாதா?” இதுதான் எல்லாரும் கேட்பது. திறந்தால் குறையும், மறுக்கவில்லை. ஆனால் எவ்வளவு திறக்கவேண்டும்? மணிக்கு இரண்டு சிகரெட் புகையும் அதே அறையில் துகள் 15ஐத் தாண்டாமல் இருக்கவேண்டுமானால், மணிக்கு 1,300 கன மீட்டருக்கு மேல் வெளிக்காற்று வேண்டும். ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு தடவை அறைக்காற்று முழுதும் மாறவேண்டும் என்று அர்த்தம். மேசையில் காகிதம் நிற்காது, மனிதர் உட்கார முடியாது. விசிறி காற்றைக் கலக்குகிறது, வெளியேற்றுவதில்லை. வீடுகளில் பொதுவாக மாட்டப்படும் ஸ்பிளிட் ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதே இல்லை. அதே காற்றைக் குளிரவைத்துத் திரும்பத் திரும்பத் தருகிறது. அதற்காகக் கதவையும் சாத்திவிடுகிறோம். கட்டடங்களின் காற்றோட்டத்துக்கு விதி வகுக்கும் அமெரிக்கப் பொறியாளர் சங்கமான ஆஷ்ரே 2005இல் வெளியிட்ட நிலைப்பாட்டிலும் இதையே ஒப்புக்கொண்டது. உள்ளே புகைப்பதைத் தடை செய்வதைத் தவிர, இந்தக் கேட்டை முற்றாக நீக்கும் வேறு பொறியியல் வழி இல்லை.

எது சிகரெட்டின் புகை?

இங்கே ஒரு நேர்மையான சிக்கல் இருக்கிறது. துகள் அளவி துகளை எண்ணும், அது எங்கிருந்து வந்தது என்று கேட்காது. தாளிப்புப் புகையும், ஊதுபத்தியும், தெருவில் போகும் லாரியின் புகையும் அதற்கு ஒன்றே. கொசுவர்த்திச் சுருளை ஆராய்ந்து 2003இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு சுருள் முழுதும் எரிந்தால் 75 முதல் 137 சிகரெட் விடும் அளவு நுண்துகளை விடும் என்று கண்டது. கேட்கவே திடுக்கிடும். சிகரெட்டை விட்டுவிட்டுச் சுருளைப் பிடியுங்கள் என்று யாராவது சொன்னால், இரண்டையும் பிடிப்போம் என்பேன். சுருளை ஏற்றாமல் வலை கட்டிக்கொள்ளலாம் என்பது ஒரு நல்ல செய்தி. ஆனால் சிகரெட்டின் பங்கு எவ்வளவு என்று தனியே சொல்ல வேறோர் அடையாளம் வேண்டும்.

அந்த அடையாளம் நிக்கோட்டின். அறைக்குள் அதற்குப் புகையிலையைத் தவிர வேறு பெரிய ஊற்று கிடையாது. ஆனால் அதை அளப்பது எளிதாக இருக்கவில்லை. இழுபுகையில் நிக்கோட்டின் துகளோடு ஒட்டியிருக்கிறது. அறைக்காற்றில் கலந்த பிறகு பெரும்பாலும் ஆவியாகிவிடுகிறது. ஆகவே பழைய வடிகட்டிகள் வழியே அது நழுவிப் போயிற்று. காரத்தன்மை உள்ள அதைப் பிடிக்க ஓர் அமில உப்பு வேண்டும். கேத்தரின் ஹாமண்ட், பிரையன் லீடரர் என்ற ஆய்வாளர்கள் 1987இல் அதற்கு வழி சொன்னார்கள். சோடியம் பைசல்பேட் தடவிய சிறு வடிகட்டியை ஒரு பிளாஸ்டிக் சிமிழில் வைத்துச் சட்டையில் குத்திக்கொள்ளவேண்டும், அல்லது சுவரில் தொங்கவிடவேண்டும். மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை, சத்தம் இல்லை. காற்று தானே பரவி உள்ளே வரும். நிமிடத்துக்கு 24 மில்லிலிட்டர் காற்றை இழுத்ததற்குச் சமம். ஒரு வாரம் தொங்கினால் கால் கன மீட்டர் காற்றின் கதை அதில் எழுதப்பட்டிருக்கும்.

அந்தச் சிமிழை ஹாமண்ட் குழுவினர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 25 பணியிடங்களில் வைத்தார்கள். முடிவு 1995இல் வெளிவந்தது. புகைக்க அனுமதித்த இடங்களின் பொது அலுவலகக் கூடங்களில் கன மீட்டருக்கு 8.6 மைக்ரோகிராம் நிக்கோட்டின். கட்டுப்பாடு வைத்த இடங்களில் 1.3. முழுத்தடை உள்ள இடங்களில் 0.3. இவை இடைநிலை அளவுகள். “எங்கள் அலுவலகத்தில் யாரும் அதிகம் பிடிப்பதில்லை” என்ற வழக்கமான பேச்சு, இந்த மூன்று எண்ணுக்கு முன் நிற்கவில்லை.

மற்ற நஞ்சுகளுக்கும் தனித்தனி வலை உண்டு. ஃபார்மால்டிஹைடை வினைபுரிந்து பிடிக்கும் ரசாயனம் தடவிய குழாய்கள் இருக்கின்றன. பென்சீன், பியூட்டாடையீன் போன்றவற்றை உறிஞ்சுபொருள் நிரப்பிய குழாயில் பிடித்து, வாயுப் பிரிப்பானில் செலுத்தி, நிறைநிறமாலைமானியில் எடை பார்க்கிறோம். கார்பன் மோனாக்சைடைக் கையடக்கக் கருவியே உடனுக்குடன் சொல்லும். இப்படிப் பல ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து எண்ணியதில் புகையிலைப் புகையில் இருக்கும் வேதிப்பொருள்கள் 7,000க்கு மேல். அவற்றில் ஏறத்தாழ 70 புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை.

கருவியை நம்புகிற மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஒளியைச் சிதறவைத்துத் துகளை மதிப்பிடும் கருவிகள் பொதுவாகச் சாலைத் தூசி போன்ற ஒரு தூசியைக் கொண்டு தரப்படுத்தப்பட்டவை. சிகரெட் புகையின் துகள் வேறு அளவு, வேறு நிறம். பரவலாகப் பயன்படும் ஒரு கருவியில் வரும் எண்ணை 0.32ஆல் பெருக்கினால்தான் சிகரெட் புகைக்குரிய சரியான எடை கிடைக்கிறது. பெருக்க மறந்தால் மூன்று மடங்கு மிகையாகச் சொல்லிவிடுவோம். நல்ல நோக்கத்துக்காகச் சொன்ன மிகையும் மிகைதான். ஒருமுறை பிடிபட்டால் பிறகு உண்மையைச் சொன்னாலும் யாரும் நம்பமாட்டார்கள்.

எவ்வளவு உடம்பில் சேர்கிறது?

1981 ஜனவரியில் ஜப்பானிய மருத்துவர் தகேஷி ஹிராயாமா, பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார். சிகரெட்டைத் தொடாத 91,540 மனைவியரை 14 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு அது. கணவர் அதிகமாகப் புகைத்த வீடுகளில், மனைவிக்கு நுரையீரல் புற்றுநோயால் சாவு நேரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்தது. உலகம் அதிர்ந்தது. மறுப்பும் உடனே கிளம்பியது. கணவர் எவ்வளவு பிடித்தார் என்பது கேட்டுத் தெரிந்துகொண்டது. மனைவி மூச்சில் எவ்வளவு போனது என்று யார் அளந்தார்கள்? அந்தப் பெண்கள் மறைவாகப் பிடிக்கவில்லை என்பது என்ன நிச்சயம்? என் சித்தியிடம் சொல்லப்பட்ட “மனப்பிரமை”தான், அறிவியல் நடையில்.

விடை உடம்புக்குள்ளேயே இருந்தது. மூச்சில் போன நிக்கோட்டினைக் கல்லீரல் கோட்டினின் என்ற பொருளாக மாற்றுகிறது. நிக்கோட்டினில் பாதி இரண்டு மணி நேரத்தில் இரத்தத்திலிருந்து போய்விடும். கோட்டினினில் பாதி போவதற்கு 16 மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆகவே இரத்தம், சிறுநீர், எச்சில் எதில் பார்த்தாலும் கடந்த இரண்டு மூன்று நாளின் கணக்கு தெரிந்துவிடும். மறைவாகப் பிடிப்பவரின் அளவு பல மடங்கு கூடுதலாக இருப்பதால் அவரையும் பிரித்துக் காட்டிவிடும். 1993இல் ஸ்டீபன் ஹெக்ட் குழுவினர் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். புகைபிடிக்காத சிலரைப் பக்கப்புகை நிறைந்த அறையில் இருக்கவைத்து, அவர்களின் சிறுநீரில் புகையிலைக்கே உரிய ஒரு நுரையீரல் புற்று ஊக்கியின் எச்சத்தைக் கண்டுபிடித்தார்கள். பிடிக்காதவர் உடம்பில் அந்த நஞ்சு ஏறுகிறதா என்ற கேள்வி அத்தோடு தீர்ந்தது.

அமெரிக்காவில் 1988–91இல் எடுத்த இரத்தப் பரிசோதனையில், புகைபிடிக்காதவர்களில் 87.9 விழுக்காட்டினரிடம் கோட்டினின் இருந்தது. 2011–12இல் அது 25.3 விழுக்காடாக இறங்கியது. இடையில் அவர்களின் மூக்கு மாறவில்லை, சட்டமும் வழக்கமும் மாறின.

“பிடிக்காதவருக்குப் போவது பிடிப்பவருக்குப் போவதில் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காதே” என்று கேட்பவர்கள் உண்டு. கோட்டினின் கணக்கில் அது பெரும்பாலும் சரி. ஆனால் நோய் அந்த வீதத்தில் குறைவதில்லை. அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் 2006 அறிக்கை, பிறர் புகையில் வாழ்பவருக்கு இதயநோய் வாய்ப்பு 25 முதல் 30 விழுக்காடு கூடுகிறது என்றது. இரத்தத் தட்டணுக்களும் இரத்தக்குழாய்ச் சுவரும் மிகச் சிறிய அளவுக்கே சீண்டப்பட்டுவிடுகின்றன. தீங்கில்லாத அளவு என்று ஒன்று இல்லை என்பதே அந்த அறிக்கையின் முடிவு. 2004ஆம் ஆண்டுக்குப் போட்ட உலகக் கணக்கில், பிறர் விட்ட புகையால் இறந்தவர்கள் 6,03,000 பேர். அதில் 47 விழுக்காடு பெண்கள், 28 விழுக்காடு குழந்தைகள். அந்த எண்ணில் நான்கில் மூன்று பங்கு, வீட்டில் “வெளியே போய்ப் பிடி” என்று சொல்ல வாய் வராதவர்கள்.

எவ்வளவு தங்கிவிடுகிறது?

கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் 50 கன மீட்டர் அறை ஒன்றை வீட்டைப் போலவே அமைத்தார்கள். சுவர்ப்பலகை, தரைவிரிப்பு, மரச்சாமான் எல்லாம் வைத்துச் சிகரெட்டை எரித்தார்கள். கிளம்பிய நிக்கோட்டினையும் காற்றில் அகப்பட்டதையும் ஒப்பிட்டால் கணக்கு நேராகவில்லை. பெரும்பகுதி சுவரிலும் விரிப்பிலும் ஒட்டிக்கொண்டது. பிறகு நாட்கணக்கில் அதே பரப்புகள் அதைத் திரும்பக் காற்றில் விட்டன. தலையணையில் வந்த நெடி கற்பனையல்ல என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டாம்.

அதே ஆய்வகத்தார் 2010இல் வெளியிட்டது இன்னும் கவலை தருவது. ஒட்டிய நிக்கோட்டின் சும்மா இருப்பதில்லை. காற்றில் இருக்கும் நைட்ரஸ் அமிலத்தோடு வினைபுரிந்து புதிதாக நைட்ரோசமைன் நஞ்சுகளை உண்டாக்குகிறது. அந்த அமில ஆவி வண்டிப் புகையிலிருந்தும் நம் சமையலறை எரிவாயு அடுப்பிலிருந்தும் வருகிறது. சிகரெட் அணைந்த பிறகும் அறை அதன் வேதியியலைத் தொடர்கிறது. அந்த விரிப்பில் தவழ்ந்து, கையை வாயில் வைப்பது யார் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

டப்ளினில் நடந்தது

இத்தனை அளவைகளும் ஒரே இடத்தில் கூடிய நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லவேண்டும். 2004 மார்ச் 29 அன்று அயர்லாந்து, மதுக்கூடங்கள் உட்பட எல்லாப் பணியிடங்களிலும் புகைப்பதைத் தடை செய்தது. ஒரு நாடு முழுவதற்குமாக அப்படிச் செய்தது அதுவே முதல் தடவை. மதுக்கூடமும் புகையும் பிரியாதவை என்று எண்ணிய நாடு அது. சட்டம் தோற்றுவிடும் என்றவர்கள் பலர். ஆய்வாளர்கள் வாதாடவில்லை. தடைக்கு முன்னும், ஓராண்டு கழித்தும் டப்ளினில் 42 மதுக்கூடங்களில் அளந்தார்கள். நுண்துகள் 83 விழுக்காடு குறைந்திருந்தது. பென்சீன் 80 விழுக்காடு. அங்கே வேலைசெய்த 73 பணியாளர்கள் தங்கள் மூச்சையும் எச்சிலையும் சோதனைக்குத் தந்தார்கள். எச்சிலின் கோட்டினின் 81 விழுக்காடு இறங்கியிருந்தது. காற்று, நஞ்சு, உடம்பு மூன்றும் ஒரே அளவில் ஒரே திசையில் இறங்கிய இந்த ஒற்றுமைதான் என்னைக் கவர்ந்தது. ஒரு கருவி பிழை செய்யலாம். மூன்று வெவ்வேறு வழியில் எடுத்த எண்கள் சொல்லிவைத்ததுபோல் பிழை செய்யாது.

அந்தப் பணியாளர்களை நினைத்துப் பாருங்கள். வாரந்தோறும் பல மணி நேரம் பிறர் புகையில் நின்று வேலைசெய்தவர்கள். வாடிக்கையாளரிடம் “அணையுங்கள்” என்று சொல்ல முடியாதவர்கள். அவர்களுக்காகச் சட்டம் பேசியது, சட்டம் பலித்தது என்று அவர்கள் எச்சிலே சொல்லியது.

சட்டம் நிற்கும் வாசற்படி

நம் நாட்டில் உச்ச நீதிமன்றம் 2001 நவம்பரில் பொது இடங்களில் புகைப்பதைத் தடுக்க உத்தரவிட்டது. 2003இல் சட்டம் வந்தது. 2008 அக்டோபர் 2, காந்தி பிறந்த நாளில், பொது இடங்களுக்கான புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தன. பேருந்திலும் திரையரங்கிலும் புகைமூட்டத்தைப் பார்த்து வளர்ந்த என் தலைமுறைக்கு இது சிறிய மாற்றமல்ல. ஆயினும் இடைவெளிகள் உண்டு. பெரிய விடுதிகளிலும் உணவகங்களிலும் விமான நிலையங்களிலும் புகைப்பதற்குத் தனி இடம் ஒதுக்க அந்த விதிகள் இடம் தந்தன. கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்த இடத்துக் காற்று வெளியே வருகிறது. அங்கே மேசை துடைக்கும் ஊழியருக்குக் கதவே இல்லை.

2016–17இல் நடந்த தேசிய அளவிலான கணக்கெடுப்பில், பெரியவர்களில் 38.7 விழுக்காட்டினர் தங்கள் வீட்டுக்குள்ளேயே பிறர் புகையைச் சுவாசிப்பதாகச் சொன்னார்கள். அதற்கு முந்தைய 2009–10 கணக்கெடுப்பில் இது 52.3. குறைந்திருக்கிறது, மகிழ்ச்சி. மூடிய பணியிடத்தில் மட்டும் 29.9இலிருந்து 30.2. அதாவது, சட்டம் எட்டாத வீட்டில் மனிதர்கள் திருந்தியிருக்கிறார்கள். சட்டம் எட்டும் பணியிடத்தில் அசைவே இல்லை. அலுவலகச் சுவரில் பலகை இருந்தால் போதாது, காற்றை அளந்து பார்ப்பவர் வேண்டும் என்பதை இந்த இரண்டு எண்ணும் சொல்கின்றன.

மாணவ நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். நான் ஊருக்குக் கொண்டுபோன கருவி அன்று ஒரு துறையின் சொத்து. இன்று சில ஆயிரம் ரூபாயில் துகள் உணரி கிடைக்கிறது. உங்கள் ஊர்க் கடை, சங்கக் கட்டடம், விடுதி அறை, சொந்த வீடு எதிலும் அளக்கலாம். முதலில் தரப்படுத்துங்கள். சமையல் புகையையும் கொசுவர்த்தியையும் கணக்கிலிருந்து விலக்குங்கள். அளந்ததற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லாதீர்கள். அந்த எண்ணை யார் மேலும் எறியாதீர்கள். எந்தக் கூடத்தில் யார் பேச்சு இத்தனை நாள் எடுபடவில்லையோ, அவர் பக்கத்தில் அதைக் கொண்டுபோய் வையுங்கள்.

அன்றிரவு சித்தப்பா கடைத்தெருவிலிருந்து திரும்பி வந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சித்திதான் கருவியை அவர் பக்கம் திருப்பி வைத்தார். அவர் நெடுநேரம் பார்த்தார். இது எத்தனை மணிக்குப் பழைய எண்ணுக்கு வரும் என்று கேட்டார். தெரியவில்லை, பார்ப்போம் என்றேன். நாற்காலியை இழுத்துப்போட்டு எங்களோடு உட்கார்ந்தார். சின்னவன் பாயில் இருமிப் புரண்டு படுத்தான். மூவரும் அந்த எண் இறங்குவதற்காகக் காத்திருந்தோம். மறுநாள் அந்த நாற்காலி மொட்டைமாடிக்குப் போயிற்று.